ஐந்தாவது வாரம், மூன்றாவது ஓட்டம்

எங்கள் ஊரில் ஒருத்தர் ஓடினால் அதற்கு மூன்றே காரணம்தான் இருக்க முடியும். பஸ் கிளம்பிவிட்டது, நாய் துரத்துகிறது, இல்லையென்றால் போலீஸ் செலக்சன். இது மூன்றும் இல்லாமல் நாற்பதைத் தாண்டிய பொம்பளை ஒருத்தி, துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொண்டு, விடிகிற நேரத்தில் பெரியகுளம் ரோட்டில் ஓடினால் வடுகபட்டி சும்மா இருக்குமா? பால்கார அண்ணன் வண்டியை நிறுத்தி, "என்னத்தா, வீட்ல எதுவும் சண்டையா?" என்று கேட்டார். மாந்தோப்புக் காவல்காரத் தாத்தா இன்னும் ஒருபடி மேலே போய், "பின்னாடி எவனும் வாரானா?" என்று கம்பைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கே வந்துவிட்டார்.

அது என் கதை. அது பழசாகி, ஊருக்கும் பழகிவிட்டது. இப்போது புதுசாக ஓட ஆரம்பித்திருப்பது என் மதினி, அண்ணன் பொண்டாட்டி. வயசு நாற்பத்தெட்டு. பூண்டு மண்டியில் வேலை. வடுகபட்டிப் பூண்டுச் சந்தையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியதே கொடைக்கானல் மலைப்பூண்டு, அது பூம்பாறை, மன்னவனூர் பக்கமிருந்து மூட்டை மூட்டையாக இறங்குகிற இடம் இது. வடக்கே இமாசலத்திலிருந்தும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும்கூட லோடு வரும். மதினி அங்கே தரையில் உட்கார்ந்து, தாளை நறுக்கி, மண்ணைத் தட்டி, பெருசு தனியாக, சிறுசு தனியாக, பல் உதிர்ந்தது தனியாகக் குவிப்பார்கள். நாள் முழுக்க உட்கார்ந்தே பார்க்கிற வேலை. சுகர் எல்லைக்கோட்டுக்கு வந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, "நீ ஓடுறியே, அது எப்படித்தா?" என்று கேட்டார்கள். அப்படித்தான் ஆரம்பித்தது.

நான் பின்பற்றியதும் அவர்களுக்குக் கொடுத்ததும் ஒரே அட்டவணைதான். 'கவுச் டு ஃபைவ் கே' என்பார்கள். 1996-ல் அமெரிக்காவில் ஜோஷ் கிளார்க் என்ற இளைஞர் போட்டது. பெரிய கோச் எல்லாம் கிடையாது. தானே திக்கித் திணறி ஓடப் பழகியவர், ஐம்பதைக் கடந்த தன் அம்மாவும் ஓட வேண்டுமே என்று யோசித்து எழுதினார். பிறகு பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். அதை எடுத்துக்கொண்டு, காதில் பேசி வழிநடத்துகிற ஆடியோவாகவும் செல்போன் செயலியாகவும் கொண்டுவந்தது. ஒன்பது வாரம், வாரத்துக்கு மூன்று நாள். முதல் வாரம் 60 வினாடி ஓட்டம், 90 வினாடி நடை, மாற்றி மாற்றி. கடைசி வாரம் 30 நிமிடம் நிற்காமல் ஓட்டம். அவ்வளவுதான் திட்டம்.

மதினி முதல் மூன்று வாரத்தைச் சத்தமில்லாமல் தாண்டினார்கள். முதல் நாள் சேலையோடுதான் வந்தார்கள், கொசுவத்தை ஏற்றிச் செருகிக்கொண்டு, மகனுடைய பழைய கேன்வாஸ் ஷூவில். இரண்டாவது வாரம் சுடிதார். நான்காவது வாரம் முடிகிற நேரம் என் போனை வாங்கி அட்டவணையை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள். அங்கேதான் வந்தது வினை.

ஐந்தாவது வாரம் முதல் நாள், ஐந்து ஐந்து நிமிடமாக மூன்று ஓட்டம். இரண்டாவது நாள், எட்டு நிமிடம் ஓட்டம், ஐந்து நிமிடம் நடை, மறுபடி எட்டு நிமிடம் ஓட்டம். மூன்றாவது நாள் என்ன போட்டிருக்கிறது தெரியுமா? இருபது நிமிடம். நடுவில் நடையே கிடையாது.

"இது என்னத்தா, அச்சுப்பிழையா? எட்டுல இருந்து ஒரே தாவா இருபதா?" என்றார்கள். அடுத்த ஓட்டத்துக்கு மதினி வரவில்லை. அதற்கடுத்த ஓட்டத்துக்கும் வரவில்லை. கேட்டால், "எனக்கு இம்புட்டுத்தேன் வரும் தாயி, விடு" என்று பதில். ஓட முடியாமல் நின்றவர்களைவிட, அட்டவணையின் அடுத்த கட்டத்தைப் பார்த்துவிட்டு நின்றவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். மதினிக்கு மூச்சு நன்றாகத்தான் இருந்தது, முழங்காலும் நன்றாகத்தான் இருந்தது. தன்னால் ஆகாது என்று ஓடாத ஓட்டத்துக்கு முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லித் திருப்பிவிடலாம் என்று நானும் முயன்றேன். "உங்களால முடியும் மதினி" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சரி, பெரிய உதாரணமாகச் சொல்வோம் என்று மா. சுப்பிரமணியன் கதையை எடுத்தேன். 2004-ல் விபத்தில் முழங்காலில் பலத்த அடிபட்ட மனிதர், பிறகு நூறுக்கும் மேல் அரை மாரத்தான் ஓடினார். சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2023 நவம்பரில், 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று எல்லா மாவட்டத்திலும் எட்டு கிலோமீட்டர் நடைப்பாதைத் திட்டத்தைக் கொண்டுவந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மதினி கேட்டது ஒரே கேள்வி: "அவரு மந்திரித்தா. நான் பூண்டு பெறக்குறவ. அவருக்கும் எனக்கும் என்ன இருக்கு?"

கிண்டலாகத் தெரியலாம். ஆனால் இதையே ஒருத்தர் ஆராய்ச்சி செய்து எழுதி வைத்திருக்கிறார். ஆல்பர்ட் பந்தூரா, அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்தவர், 2021-ல் காலமானார். 'இதை என்னால் செய்ய முடியும்' என்ற நினைப்பு ஒரு மனிதருக்கு எங்கிருந்து வருகிறது என்று 1977-ல் ஒரு கட்டுரை எழுதினார். நாலு வழியில் வருகிறது என்கிறார். தானே செய்து பார்த்த அனுபவம். தன்னைப் போன்ற ஒருத்தர் செய்வதைப் பார்ப்பது. பிறர் எடுத்துச் சொல்வது. தன் உடம்பு காட்டும் அறிகுறியைத் தான் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பது. இதில் ஆக வலுவானது முதலாவது. வாய்வார்த்தை ரொம்ப பலவீனம். பார்த்துக் கற்பதிலும், பார்க்கப்படுகிற ஆள் நம்மை மாதிரி இருக்க வேண்டும். மதினி சொன்னதும் இதைத்தானே?

பந்தூரா இதைக் கண்டுபிடித்த விதம்தான் எனக்குப் பிடித்தது. பாம்பென்றால் உயிரே போகிற அளவுக்குப் பயப்படுகிறவர்களை வைத்துப் பார்த்தார். 'பயப்படாதே' என்று யாரும் உபதேசம் செய்யவில்லை. முதலில் தள்ளி நின்று பார்ப்பது. பிறகு கொஞ்சம் கிட்டே. பிறகு கையுறை போட்டுக்கொண்டு தொடுவது. பிறகு வெறுங்கையால். கடைசியில் பாம்பு மடியில் கிடக்கும். ஒவ்வொரு படியும், முந்தின படியைச் செய்து முடித்தவருக்கு நெருங்கினதாகவே தெரியும் அளவுக்குச் சின்னது. ஜோஷ் கிளார்க்கின் அட்டவணையும் ஏறக்குறைய இப்படித்தான். ஆனால் மதினி தான் நிற்கிற படியிலிருந்து அடுத்த படியைப் பார்க்கவில்லை. வாசலில் நின்றபடி மடியில் கிடக்கும் பாம்பைப் பார்த்துவிட்டார்கள்.

எனவே உபதேசத்தை விட்டுவிட்டுக் கணக்குக்கு வந்தேன். மண்டியில் இருப்பவர்களிடம் கணக்குத்தான் எடுபடும்.

"மதினி, நாலாவது வாரம் என்ன ஓடுனீங்க? மூணு நிமிஷம், அஞ்சு நிமிஷம், மறுபடி மூணு, மறுபடி அஞ்சு. கூட்டுங்க."

"பதினாறு."

"ஒரே காலையில பதினாறு நிமிஷம் ஓடிருக்கீக. இருபதுக்கு இன்னும் எம்புட்டு வேணும்?"

மதினி பதில் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலையில் வாசலில் நின்றார்கள், ஷூ கயிற்றை முடிந்துகொண்டே.

அட்டவணையின் சூட்சுமமே இதுதான். நாலாவது வாரமும் ஐந்தாவது வாரமும் ஓடுகிற மொத்த நேரம் பெரிதாக ஏறுவதே இல்லை. பதினாறு, பதினைந்து, பதினாறு என்று ஒரே இடத்தில் சுற்றுகிறது. நடுவில் விடுகிற நடைதான் மெல்லக் கரைகிறது. இருபது நிமிடம் என்ற எண்ணைத் தனியாகப் பார்த்தால் மலை மாதிரி தெரியும்தான். தான் ஏற்கெனவே ஓடியதைக் கூட்டிப் பார்த்துவிட்டு வந்தால் பாக்கி நாலு நிமிடம். அதனால் யார் கேட்டாலும் நான் சொல்வது இது: வரப்போகிற வாரத்தைப் படிக்காதீர்கள். முடிந்த வாரத்தை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பழைய நோட்டில் பின்பக்கம் போதும்.

உடம்பு காட்டும் அறிகுறி என்றாரே பந்தூரா, அதையும் சொல்ல வேண்டும். ஓட ஆரம்பித்த முதல் இரண்டு மூன்று நிமிடம் எல்லாருக்கும் மோசமாகத்தான் இருக்கும். மோட்டார் போட்டதும் தோட்டத்துக் கடைசி வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிடுகிறதா? கொஞ்சம் நேரம் பிடிக்கும். கால் தசை கேட்கிற ஆக்ஸிஜனை நெஞ்சும் நுரையீரலும் அனுப்பி ஈடுகட்டவும் அதே மாதிரி சில நிமிடம் பிடிக்கிறது. அதுவரைக்கும் மூச்சு முட்டும். புதுசாக ஓடுகிறவர் அந்த மூச்சுமுட்டலைப் பார்த்துவிட்டு, 'ரெண்டாவது நிமிஷத்திலேயே இப்படின்னா இருபதாவது நிமிஷத்துல செத்துருவேன்' என்று கணக்குப் போடுகிறார். அப்படி ஏறிக்கொண்டே போகாது. வேகத்தைக் கூட்டாமல் இருந்தால் ஐந்தாவது நிமிடத்துக்குள் ஒரு நிதானம் வந்துவிடும். மதினியிடம் இதைச் சொன்ன பிறகு, முதல் மூன்று நிமிடத்தில் "இந்தா மோட்டார் போட்டாச்சு" என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

ஆனால் நெஞ்சு வலி, இடது கைக்கு இழுக்கிற வலி, தலைசுற்றல் இதெல்லாம் அந்தக் கணக்கில் சேராது. அப்போது நின்றுவிட வேண்டும், உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். சுகர், பிரஷர் உள்ளவர்கள் ஆரம்பிப்பதற்கு முன்பே ஒருதரம் காட்டிவிட்டு வருவது நல்லது. மதினியை நான் முதலில் கூட்டிப்போனதே அங்கேதான்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நிறையப் பேர் தோற்பது இதில்தான். ஓட்டம் என்றதும் நம் பெண்களுக்கு ஞாபகம் வருவது பள்ளிக்கூட நூறு மீட்டர். பையன்களுக்கு போலீஸ் செலக்சன்: ஆண்கள் 1500 மீட்டரை ஏழு நிமிடத்திலும், பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்திலும் முடிக்க வேண்டும். அது பரீட்சை. அந்த வேகத்தில் இருபது நிமிடம் ஓட முயன்றால் யாராக இருந்தாலும் மாந்தோப்பு வேலியோரம் உட்கார வேண்டியதுதான். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகமே சரியான வேகம். நானும் மதினியும் அடுத்தவீட்டு நியாயம் பேசியபடி ஓடுவோம். பேச்சு அறுந்து அறுந்து வந்தால் வேகத்தைக் குறைப்போம். எங்கள் வேகம் மணிக்கு ஏழு கிலோமீட்டர் இருந்தால் பெரிது. காவல்காரத் தாத்தா சைக்கிளை மிதிக்காமல் உருட்டிக்கொண்டே கூட வருவார்.

அந்த வேகத்தில் முப்பது நிமிடம் ஓடினாலும் மூன்றரை கிலோமீட்டர்தான் வரும். ஐந்து கிலோமீட்டர் வராது. அதற்கு நாற்பத்துமூன்று நிமிடம் ஆகும். திட்டத்தின் பெயரில் ஐந்து கிலோமீட்டர் இருக்கிறதே என்று ஒன்பதாவது வாரத்தில் மனசு விட்டுப்போகிறவர்களும் உண்டு. பேரை விடுங்கள். முப்பது நிமிடம் ஓடியாயிற்றா, திட்டம் முடிந்தது.

உடம்பு தாங்காது என்ற தீர்ப்பு மதினி தனக்குத்தானே சொல்லிக்கொண்டது மட்டும் இல்லை. உலகமே பெண்களுக்குச் சொல்லி வைத்திருந்தது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முதலாக 800 மீட்டர் வைத்தார்கள். ஓடி முடித்தவர்கள் களைத்துக் கிடந்ததைப் பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கி எழுதின. பெண் உடம்புக்கு இது ஆகாது என்று தூக்கிவிட்டார்கள். அந்தப் பந்தயம் ஒலிம்பிக்குக்குத் திரும்ப வந்தது 1960-ல். பெண்கள் மாரத்தான் வர 1984 ஆயிற்று. நடுவில் அத்தனை வருஷமும் பெண் உடம்பு அதே உடம்புதான். ஓடிக் களைத்த ஆணைப் பார்த்து 'என்னமா ஓடினான்' என்கிறார்கள், பெண்ணைப் பார்த்து 'எதுக்கு இந்த வேலை' என்கிறார்கள். எங்கள் ரோட்டிலும் இன்றைக்கு வரைக்கும் அப்படித்தான்.

இன்னொன்று. ஒரு வாரத்தைத் திரும்ப ஓடுவதை யாரும் ஃபெயில் ஆனதாக நினைக்கக் கூடாது. மதினி இரண்டு ஓட்டத்தை விட்டார்கள் இல்லையா, அதனால் நாலாவது வாரத்தை மறுபடி ஒருமுறை ஓடவைத்தேன். காய்ச்சல், ஊர்த் திருவிழா, வீட்டு விசேஷம் என்று இடைவெளி விழுந்தால் ஒரு வாரம், ரொம்ப நாளாகிவிட்டால் இரண்டு வாரம் பின்னால் போய் ஆரம்பிக்கலாம். தினமும் ஓடி ஈடுகட்டுகிறேன் என்பதுதான் வேண்டாம். மூச்சு சீக்கிரம் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் மெதுவாகத்தான் பழகும். நடுவில் ஒருநாள் ஓய்வு விடச் சொல்வது அதற்காக. கெண்டைக்கால் பொதுவாக வலித்தால் ஓடலாம். ஒரே இடத்தில், விரல் வைத்துக் காட்டுகிற மாதிரி வலித்தால் நிறுத்த வேண்டும்.

அந்த இருபது நிமிடத்து நாள் ஆடி மாசத்தில் வந்தது. எங்கள் பக்கத்து ஆடிக்காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், மேற்கே மலையிலிருந்து இறங்கிக் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க அடிக்கும். எதிர்க்காற்றில் கடைசி ஐந்து நிமிடம் மாட்டினால் தைரியம் எல்லாம் போய்விடும். அதனால் முதலில் பெரியகுளம் பக்கமாகக் காற்றை எதிர்த்து ஓடி, பாதியில் திரும்பி, காற்று முதுகைத் தள்ள வீட்டுப்பக்கம் வருகிற மாதிரி வைத்துக்கொண்டோம். போன் என்னிடம். மணி எத்தனை என்று கேட்கக் கூடாது என்று முன்கூட்டியே ஒப்பந்தம்.

முதல் எட்டு நிமிடம் மதினி பேசிக்கொண்டேதான் வந்தார்கள். எடையில் கால் கிலோ குறைந்ததற்கு மண்டியில் நடந்த பஞ்சாயத்து. திரும்புகிற இடம் வந்ததும் பேச்சு நின்றது. மூச்சு இரண்டு எட்டுக்கு உள்ளே, இரண்டு எட்டுக்கு வெளியே என்று சீராகக் கேட்டது. முந்தானை இல்லாத தோளை அடிக்கடி கை தேடியது, முப்பது வருஷப் பழக்கம். வழியில் ஒரு நாய் எழுந்து நின்றது. நாயைப் பார்த்தால் ஓடாமல் நடக்க வேண்டும் என்பது எங்கள் சட்டம். பத்து எட்டு நடந்தோம், நாய் படுத்துக்கொண்டது, மறுபடி ஓடினோம். அந்தப் பத்து எட்டு கணக்கில் சேருமா சேராதா என்று மதினிக்குச் சந்தேகம் வந்து, இருபது நிமிடம் முடிந்தும் நிற்காமல் அடுத்த கரண்டுக் கம்பம் வரைக்கும் ஓடினார்கள். "நாய்க்குக் கழிச்சாச்சு" என்றார்கள்.

அன்றைக்கு மண்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவிடம், இருபது நிமிஷம் நிக்காம ஓடினேன் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த அக்கா, "எதுக்கு?" என்று கேட்டிருக்கிறார். மதினிக்குப் பதில் தெரியவில்லையாம். என்னிடம் வந்து கேட்டார்கள். எனக்கும் சட்டென்று வரவில்லை.

இதற்குப் பிறகு ஒரு பள்ளம் இருக்கிறது, அதை யாரும் எச்சரிப்பதில்லை. ஆறாவது வாரம் முதல் நாள் அட்டவணை மறுபடி ஐந்து, எட்டு, ஐந்து என்று நடுவில் நடையோடு இறங்கிவிடும். இருபது ஓடியவருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா என்று வேகமாக ஓடினால் கடைசி ஐந்து நிமிடம் திணறடித்துவிடும். மதினிக்கு அப்படித்தான் ஆனது. "இருபது ஓடுனவளுக்கு அஞ்சு ஓட முடியலையேத்தா" என்று முகம் வாடிப்போனது. நோட்டைத் திறந்து காட்டினேன். மொத்தம் பதினெட்டு நிமிடம் ஓடியிருந்தார்கள், அதுவும் வழக்கத்தைவிட வேகமாக. மூடிவிட்டு டீ போடப் போனார்கள்.

இப்போது ஏழாவது வாரம். இருபத்தைந்து நிமிடம். மண்டியில் 'எதுக்கு?' என்று கேட்ட அக்கா நேற்று வேறொன்று கேட்டாராம், ஷூ என்ன விலை என்று. அவருக்கும், அதே கேள்வியோடு இருக்கிற மற்றவர்களுக்கும்: ஆரம்பத்துக்கு விலை கூடின ஷூ தேவையில்லை. குதிகால் ஆடாமல் பிடிக்க வேண்டும், பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கடைக்கு வேலை முடிந்து சாயங்காலமாகப் போங்கள். நாள் முழுக்க உழைத்த கால் காலையில் இருந்ததைவிடக் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்தக் காலுக்குச் சரியாக இருப்பதுதான் ஓடும்போதும் சரியாக இருக்கும். போட்டுப் பார்த்துவிட்டுக் கடைக்குள்ளேயே நாலு எட்டு ஓடிப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.